உச்சியில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும்? மலைக்காட்சிக்கும் மலையேற்றத்துக்கும் பின்னால் உள்ள கணக்கு

2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், பஞ்சாபின் ஜலந்தர் நகர மொட்டை மாடிகளிலிருந்து எடுத்த சில படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. வீடுகளுக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று இமயத்தின் தௌலாதார் மலைத்தொடர் நின்றது. "200 கி.மீ. தள்ளி இருக்கும் மலை எப்படித் தெரியும்? இது போலிப் படம்" என்றார்கள் ஒரு பக்கம். "காற்று சுத்தமானால் இமயம் எங்கிருந்தும் தெரியும்" என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. அந்த மலை நேர்கோட்டில் 150 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. படங்கள் உண்மையானவை. ஆனால் சுத்தமான காற்று மட்டும் இருந்துவிட்டால் எங்கிருந்தும் எதுவும் தெரிந்துவிடாது.

மலையேற்ற விளம்பரங்களிலும் இதே குழப்பம் உண்டு. "இந்த உச்சியிலிருந்து ஐந்து பெரிய சிகரங்கள் தெரியும்", "உலகிலேயே அகலமான காட்சி இங்கேதான்" என்றெல்லாம் வரும். எதை நம்பலாம்? அப்படி ஒரு உச்சிக்கு ஏறுவது ஏன் கடினம்? இந்த இரண்டு கேள்விகளையும் பொதுவாகத் தனித்தனியாகப் பேசுவார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒரு சிகரம் அகலமான காட்சியைத் தருவதற்கு எவையெல்லாம் காரணமோ, அவற்றில் பெரும்பாலானவைதான் அதை ஏறக் கடினமாகவும் ஆக்குகின்றன.

பூமி வளைகிறது: அடிப்படைக் கணக்கு

பூமி உருண்டை என்பதால் எந்த இடத்தில் நின்றாலும் பார்வைக்கு ஒரு எல்லை உண்டு. அதுதான் தொடுவானம். உங்கள் கண் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும்.

1. கடற்கரையில் நிற்கும் ஒருவருக்கு 5 கி.மீ.க்கும் குறைவு.
2. 100 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 36 கி.மீ.
3. 1,000 மீட்டரில் 113 கி.மீ.
4. 6,000 மீட்டரில் ஏறத்தாழ 276 கி.மீ.
5. எவரெஸ்ட்டின் 8,849 மீட்டரில் ஏறத்தாழ 336 கி.மீ.

வர்க்கமூலம் என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வைத் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். அதாவது ஏற ஏற, கூடுதலாக ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது. முதல் ஆயிரம் மீட்டர் தரும் 113 கி.மீ.யோடு ஒப்பிட்டால், எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்குப் போவது வெறும் 20 கி.மீ. அளவுக்குத்தான் சேர்க்கிறது.

இதெல்லாம் தரையைப் பார்ப்பதற்கான கணக்கு. எதிரே இருப்பதும் மலை என்றால் கதை வேறு. அந்த மலையின் உச்சிக்கும் அதற்கென ஒரு தொடுவானம் உண்டு. இரண்டு தூரங்களையும் கூட்டிக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து 6,000 மீட்டர் எழும் இரண்டு சிகரங்கள், நடுவில் கடல் மட்டத் தரையே இருந்தால், 550 கி.மீ. தூரத்திலும் ஒன்றையொன்று பார்க்க முடியும். காகிதத்தில் மட்டும், அதுவும் நடுவில் எதுவும் மறைக்காவிட்டால்.

ஜலந்தருக்கு வருவோம். நகரம் கடல் மட்டத்திலிருந்து 230 மீட்டர் அளவில் இருக்கிறது. தௌலாதாரின் உயர்ந்த பகுதிகள் 4,500 மீட்டரைத் தாண்டுகின்றன. 130 கி.மீ. தூரத்தில் பூமியின் வளைவு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மீட்டரை மறைத்துவிடும். மீதி மூவாயிரம் மீட்டர் தெரிந்தே ஆக வேண்டும். ஆக, மலை எப்போதும் அங்கே பார்வைக் கோட்டுக்குள்தான் இருந்தது. நடுவிலிருந்த தூசிதான் அதை மறைத்தது. ஆனால் அந்த மூவாயிரம் மீட்டர் கண்ணுக்கு ஒன்றேகால் டிகிரிதான். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்துக்கும் குறைவு. படங்களில் மலை வீட்டுக்குப் பின்னாலேயே பிரம்மாண்டமாக நிற்பது, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸின் வேலை. படம் பொய் இல்லை, ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

உயரம் மட்டும் இருந்தால் போதாது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் வரும் உயரம், கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம் இல்லை. சுற்றியுள்ள தரையிலிருந்து எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. 5,000 மீட்டர் பீடபூமியில் நிற்கும் 6,000 மீட்டர் சிகரம், தொடுவானக் கணக்கில் வெறும் 1,000 மீட்டர் குன்றுதான். சமவெளியில் தன்னந்தனியாக நிற்கும் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில் இருப்பதால், கிட்டத்தட்ட ஐயாயிரம் மீட்டரும் காட்சிக்குப் பயன்படுகிறது.

இதை அளக்க மலையேறிகள் இரண்டு அளவுகளை வைத்திருக்கிறார்கள்.

முதலாவது ப்ராமினன்ஸ், அதாவது தனியெழுச்சி. ஒரு உச்சியிலிருந்து அதைவிட உயர்ந்த இன்னொரு உச்சிக்கு நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் குறைந்தபட்சம் எத்தனை மீட்டர் கீழே இறங்கியே தீர வேண்டுமோ, அதுதான் தனியெழுச்சி. லோட்சே 8,516 மீட்டர் உயரமுள்ள, உலகின் நான்காவது உயர்ந்த மலை. ஆனால் அதிலிருந்து எவரெஸ்ட்டுக்குப் போக, நடுவிலுள்ள தெற்குக் கணவாய் வரை 610 மீட்டர் இறங்கினால் போதும். கே2 மலைக்கோ இந்த எண் நான்காயிரத்தைத் தாண்டுகிறது. லோட்சே உச்சியில் நிற்பவருக்கு வானத்தின் ஒரு பக்கத்தை எவரெஸ்ட்டே அடைத்துக்கொள்ளும். அது மோசமான காட்சி இல்லைதான், ஆனால் அகலமான காட்சியும் இல்லை.

இரண்டாவது ஐசொலேஷன், அதாவது தனிமைத் தூரம். தன்னைவிட உயர்ந்த நிலத்தைத் தொட எத்தனை கி.மீ. போக வேண்டும் என்பது. அர்ஜென்டினாவின் அகோன்காகுவா 6,961 மீட்டர். அதைவிட உயர்ந்த தரையைத் தேடினால் 16,000 கி.மீ.க்கு அப்பால் ஆசியாவுக்குத்தான் வர வேண்டும்.

இந்த இரண்டும் அதிகமாக இருந்தால் காட்சி அகலமாகும். ஆனால் அகலமும் அழகும் ஒன்றில்லை. மிக உயரமான, தனியான உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள மலைகளெல்லாம் காலடியில் தட்டையாகிவிடும். மலைகளை மலைகளாகப் பார்க்க வேண்டுமென்றால் அவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்த, ஆனால் கொஞ்சம் விலகி நிற்கும் இடம்தான் வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நாட்கணக்கில் நடந்து போகிறவர்கள் அங்கே எவரெஸ்ட்டின் உச்சி தெரியாமல் ஏமாந்து போவதுண்டு. பக்கத்து மலைகள் மறைத்துவிடும். அதனால்தான் எல்லோரும் அருகிலுள்ள காலாபத்தர் குன்றில் ஏறுகிறார்கள். மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபு 3,636 மீட்டர்தான். ஆனால் வானம் தெளிந்தால் அங்கிருந்து எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என உலகின் முதல் ஐந்து மலைகளில் நான்கைப் பார்க்கலாம்.

இதே கணக்கில்தான் நேபாளத்தின் மேரா சிகரமும் வருகிறது. 6,476 மீட்டர். எவரெஸ்ட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. விலகி நிற்கிறது. எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு, காஞ்சன்ஜங்கா என எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய ஐந்து மலைகள் தெரியும் என்பது அதன் விளம்பரம். காஞ்சன்ஜங்கா அங்கிருந்து ஏறத்தாழ 126 கி.மீ. தூரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வளைவு மறைப்பது ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். மேரா அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. இந்த விளம்பரத்தை நம்பலாம்.

நம்பக்கூடாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் மவுன்ட் டியாப்லோ என்றொரு மலை, 1,173 மீட்டர். "கிளிமஞ்சாரோவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிக நிலப்பரப்பு தெரியும் இடம்" என்று அதைப் பற்றிப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1,173 மீட்டரின் தொடுவானம் 122 கி.மீ. அதைவிட எத்தனையோ மடங்கு உயரமான தனி மலைகள் உலகெங்கும் இருக்கும்போது இது எப்படி உண்மையாகும்? வர்க்கமூலம் போடத் தெரிந்தவர் யாரும் நம்ப மாட்டார்.

காற்று என்ன செய்கிறது

வடிவக்கணக்கு அனுமதித்தாலும் காற்று அனுமதிக்க வேண்டும். காற்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று கெடுதல், ஒன்று உதவி.

கெடுதல் என்பது ஒளிச்சிதறல். தூசியே இல்லாத சுத்தமான காற்றிலும் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும். நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று முழுவதும் வெயிலில் லேசாக ஒளிர்கிறது. தூரம் கூடக் கூட அந்த ஒளிர்வு மலையின் நிறத்தின் மேல் படிந்துகொண்டே வரும். தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவதும், அதையும் தாண்டியவை வானத்தோடு கரைந்துவிடுவதும் இதனால்தான். மலைக்கும் பின்னாலுள்ள வானத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 2 சதவீதத்துக்குக் கீழே போனால் கண் அதைப் பிரித்தறியாது என்பது, ஜெர்மானிய வானிலையாளர் கோஷ்மீடர் 1924-ல் வகுத்த கணக்கின் அடிப்படை. அதன்படி கடல் மட்டத்தில், தூசு தும்பில்லாத காற்றில்கூடப் பார்வை ஏறத்தாழ 300 கி.மீ.யில் முடிந்துவிடும். உயரே காற்று மெலிந்திருப்பதால் இந்த எல்லை நீளும். சமவெளியின் புகையும் ஈரப்பதமும் சேர்ந்தால் இதே எல்லை இருபது, முப்பது கி.மீ.க்குச் சுருங்கும்.

உதவி என்பது ஒளிவிலகல். கீழே அடர்த்தியாகவும் மேலே மெலிந்தும் இருக்கும் காற்றின் வழியே வரும் ஒளி, பூமியின் வளைவை ஒட்டி லேசாகக் கீழ்நோக்கி வளைகிறது. அதனால் சாதாரண நாளில் தொடுவானம் சுமார் 8 சதவீதம் தள்ளிப் போகிறது. குளிர்ந்த காற்று கீழே படுத்து, வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும் விடியற்காலைகளில் வளைவு இன்னும் கூடலாம்.

இரண்டும் சேர்ந்து வேலை செய்வதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 ஜூலை 16 அன்று பிரனீஸ் மலைத்தொடரின் பிக் டி ஃபினஸ்ட்ரெல் உச்சியிலிருந்து ஆல்ப்ஸின் பிக் காஸ்பார் சிகரத்தைப் படம்பிடித்தார்கள். தூரம் 443 கி.மீ. கின்னஸ் அதைச் சாதனையாகப் பதிவு செய்தது. முதல் உச்சி ஏறத்தாழ 2,830 மீட்டர், இரண்டாவது ஏறத்தாழ 3,880 மீட்டர். நம் 3.57 கணக்கைப் போட்டுக் கூட்டினால் 412 கி.மீ.தான் வருகிறது. அதாவது நேர்கோட்டில் போகும் ஒளிக்கு அந்த மலை தெரிந்திருக்கவே கூடாது. ஒளிவிலகலின் 8 சதவீதத்தைச் சேர்த்தால் 445 கி.மீ. ஆகிறது. நூலிழையில் தெரிந்திருக்கிறது.

சரி, சிதறலை எப்படித் தாண்டினார்கள்? படம் எடுத்தது சூரியன் உதிக்கும் நேரத்தில், சூரியன் அந்தச் சிகரத்துக்குப் பின்னால் இருக்கும்போது. நடுவிலுள்ள காற்றில் அப்போது பெருமளவுக்கு வெயில் விழவில்லை. வெயில் இல்லாத காற்று ஒளிராது. பின்னாலுள்ள வானமோ பிரகாசம். மலை கறுப்பு நிழலுருவாகப் பளிச்சென்று பதிந்துவிட்டது. அதே நாளில் நண்பகலில் நின்றிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நீண்ட தூரக் காட்சி என்பது இடத்தோடு நேரத்தையும் சார்ந்தது.

ஒளிவிலகலைக் கழித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் எவரெஸ்ட்டின் உயரமே நமக்குக் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டு இந்திய நில அளவையாளர்களுக்கு நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. 160 கி.மீ.க்கு அப்பால் சமவெளியிலிருந்து கோணங்களை அளந்து, வளைவையும் ஒளிவிலகலையும் திருத்தி, 1852-ல் ராதாநாத் சிக்தார் அது உலகின் உயர்ந்த சிகரம் என்று கணக்கிட்டார். 1856-ல் அறிவித்த எண் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் கருவிகளோடு அளந்து சொன்னது 8,848.86 மீட்டர். வித்தியாசம் ஒன்பது மீட்டர்தான்.

தொலைவு என்றால் என்ன

அதே 1856-ல் நில அளவையாளர் மான்ட்கோமரி, காஷ்மீரின் ஹரமுக் மலையில் ஏறி, 200 கி.மீ.க்கு அப்பால் காரகோரத்தில் இரண்டு பெரிய சிகரங்களைப் பார்த்து கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். கே1-க்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த மஷர்ப்ரும் என்ற பெயர் நிலைத்தது. உலகின் இரண்டாவது உயர்ந்த மலையான கே2-க்கோ வரைபடக் குறியீடே பெயராகிவிட்டது. காரணம் எளிது. கே2-க்குப் போகும் பாதையின் கடைசி ஊரான அஸ்கோலேவிலிருந்துகூட அது தெரியாது. பால்டோரோ பனியாற்றின் மேல் நாட்கணக்கில் நடந்து, பனியாறுகள் கூடும் இடமான கன்கார்டியாவைத் தொட்ட பிறகுதான் முழு மலையும் முன்னால் வரும். 200 கி.மீ. தள்ளி இன்னொரு உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை, பக்கத்து ஊரிலிருந்து தெரியவில்லை.

மலையேற்றத்தில் தொலைவு என்பது கிலோமீட்டர் விஷயம் மட்டும் இல்லை. உதவி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் முக்கியம். சாலையிலிருந்து ஐந்து நாள் நடை என்றால், கால் ஒடிந்த ஒருவரைக் கீழே கொண்டுவர ஐந்து நாளுக்கும் மேலாகும். ஹெலிகாப்டர் வரும் என்பார்கள். 2005 மே 14 அன்று ஒரு ஹெலிகாப்டர் எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கிக் காட்டியது உண்மைதான். ஆனால் அது நல்ல வானிலையில், எடையைக் குறைத்து, பெரும் முன்னேற்பாட்டோடு நடந்தது. மெலிந்த காற்றில் இறக்கைகளுக்குத் தூக்கும் சக்தி குறையும். மேகம் மூடினால் எதுவும் பறக்காது. செயற்கைக்கோள் கருவியில் பொத்தானை அழுத்தினால் செய்தி நிமிடங்களில் போய்விடும், ஆள் வர நாட்கள் ஆகலாம். அதனால் தொலைவான சிகரத்துக்குப் போகும் குழு எரிபொருள், கூடாரம், மருந்து, கயிறு என்று எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். சுமை கூடினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நாட்கள் கூடும், நாட்கள் கூடினால் உணவும் எரிபொருளும் கூடும். தண்ணீருக்குக்கூட எரிபொருள் வேண்டும், மேலே எல்லாமே பனிக்கட்டி.

தனியெழுச்சியும் தனிமைத் தூரமும் இங்கே திரும்ப வருகின்றன. சுற்றிலும் மறைக்க எதுவும் இல்லாத உச்சிக்குக் காற்றைத் தடுக்கவும் எதுவும் இல்லை. மின்னலுக்கும் சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயர்ந்த புள்ளி. 63 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் அலாஸ்காவின் டெனாலி 6,190 மீட்டர்தான். அதே உயரமுள்ள இமயச் சிகரத்தைவிடக் கடினம் என்று ஏறியவர்கள் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துருவங்களை நோக்கிப் போகப் போக வளிமண்டலத்தின் கீழடுக்கு மெலிகிறது. அதே உயரத்தில் காற்றழுத்தம் இன்னும் குறைவு. நுரையீரலைப் பொறுத்தவரை டெனாலி அதன் எண்ணைவிட உயரமான மலை.

உடம்புக்கு என்ன ஆகிறது

உயரே ஆக்ஸிஜன் குறைவு என்று சொல்வது பாதி உண்மை. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 5,500 மீட்டரில் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. அழுத்தம் குறைந்தால் ஆக்ஸிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போவது கடினமாகிறது.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவசரப்படுத்த முடியாது. முதலில் மூச்சு வேகமாகும். பிறகு, வேக மூச்சால் ரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். பொதுவாகச் சொல்லப்படும் மருத்துவ வழிகாட்டல் இது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பதுதான் கணக்கு.

இதைமீறி ஏறினால் வரும் கோளாறுகள் மூன்று. தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை என்று தொடங்கும் சாதாரண மலை நோய். நுரையீரலில் நீர் கோத்து, ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு வாங்குவது இரண்டாவது. மூளை வீங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறுவது மூன்றாவது. பின்னிரண்டும் ஆளைக் கொல்லும். மருந்துகள் உண்டு, ஆனால் அவை இறங்குவதற்கான நேரத்தை வாங்கித் தருபவை. உண்மையான சிகிச்சை இறங்குவதுதான். தொலைவான சிகரங்களில் சிக்கலே இங்கேதான்: சில இடங்களில் இறங்குவதற்கு முதலில் ஒரு கணவாயைக் கடந்து மேலே ஏற வேண்டியிருக்கும். வழியைத் திட்டமிடும்போதே இதைப் பார்க்காதவர்கள் பலர்.

தொழில்நுட்ப ரீதியாக எளிது, ஆனால் உயரமானது என்ற வகைச் சிகரங்கள்தான் இந்த விஷயத்தில் ஆபத்தானவை என்பது என் கருத்து. கயிறும் கோடரியும் அதிகம் வேண்டாத, பனி மூடிய சரிவு என்றால் ஆட்கள் துணிந்து வேகமாக ஏறிவிடுகிறார்கள். கடினமான பாறை முகம் என்றால் அதுவே அவர்களை மெதுவாக்கியிருக்கும்.

ஏன் நள்ளிரவில் கிளம்புகிறார்கள்

உச்சி நாளன்று இரவு பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்குக் கிளம்புவது வழக்கம். சூரியோதயம் பார்ப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடவே கிடைப்பது. காரணங்கள் வேறு:

1. இரவில் பனி உறைந்து கெட்டியாக இருக்கும். பனிப்பிளவுகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்கள் அப்போது எடையைத் தாங்கும். வெயில் ஏறினால் இளகும்.
2. பாறைகளைப் பிடித்துவைத்திருக்கும் பனிக்கட்டி வெயிலில் கரையும்போது கற்கள் உருண்டு வரும். பனிச்சரிவு அபாயமும் கூடும்.
3. வெயில் பட்ட பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தோடு சரிவில் மேலே ஏறி, மதியத்துக்குள் உச்சியைச் சுற்றி மேகமாகத் திரளும். இடியும் மின்னலும் அதற்குப் பின்தான்.
4. இறங்குவதற்குப் பகல் வெளிச்சம் மிச்சமிருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் காட்சிக்கும் காரணம். காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி, புகையையும் ஈரத்தையும் தன்னோடு கீழேயே அடைத்துவைத்திருக்கும். மேலே நிற்பவருக்குக் காலடியில் மேகக்கடல், அதற்கு மேல் கழுவிவிட்டதுபோல் தெளிந்த வானம். வெயில் ஏறியதும் அந்த மூடி உடைந்து, புகையும் ஈரமும் மேலே வரும். ஆக, பாதுகாப்பான நேரமும் நல்ல காட்சி கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. பகல் பதினோரு மணிக்கு உச்சியை அடைந்து "ஒன்றும் தெரியவில்லை" என்று புலம்புபவர், பெரும்பாலும் இருக்கக்கூடாத நேரத்தில் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்வதும் இதனால்தான். உச்சி நூறு மீட்டர் தூரத்தில் இருந்தாலும் குறித்த மணி ஆகிவிட்டால் திரும்ப வேண்டும். எவரெஸ்ட் போன்ற மலைகளில் உச்சி நாள் மரணங்களில் பல இறங்கும்போது நடந்தவை. களைப்பு, தாமதம், மாறிய வானிலை எல்லாம் சேர்ந்து வருவது அப்போதுதான்.

காட்சி செய்யும் ஏமாற்று வேலைகள்

தூரத்தை நாம் மங்கலை வைத்து எடைபோடுகிறோம். மங்கலாக இருந்தால் தூரம், தெளிவாக இருந்தால் பக்கம். உயரத்தில் காற்று தெளிவு. மரமோ வீடோ இல்லாததால் அளவு ஒப்பிடவும் எதுவும் இல்லை. மூன்று மணி நேர நடை அரை மணி போலத் தெரியும். இதோடு பொய் உச்சியும் சேரும்: சரிவு புடைத்திருந்தால் கீழே நிற்பவருக்கு அந்தப் புடைப்பின் விளிம்புதான் உச்சியாகத் தெரியும், ஏறி முடித்தால் பின்னால் இன்னொன்று. மனம் உடைவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உயரமானியும் வரைபடமும் சொல்வதை நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

பக்கத்து உச்சியின் தலையில் தட்டைப் போல, வழவழப்பாக, நகராமல் நிற்கும் மேகம் படத்துக்கு அருமையாக இருக்கும். அது அசையாமல் நிற்பதற்குக் காரணம் அதன் வழியே காற்று பலமாகப் பாய்ந்துகொண்டிருப்பதுதான். ஏறும் பக்கத்தில் ஈரம் மேகமாகிறது, இறங்கும் பக்கத்தில் கரைகிறது. அந்த மேகம் தெரிந்தால் உச்சியில் நிற்க முடியாத காற்று அடிக்கிறது என்று பொருள். சூரியனைச் சுற்றி வட்டம் விழுவதும் அப்படித்தான். உயரத்தில் மெல்லிய பனிப்படிக மேகம் பரவுகிறது, ஓரிரு நாளில் வானிலை கெடலாம்.

சூரியோதயத்தின்போது உச்சியிலிருந்து எதிர்த்திசையில் பார்த்தால் மலையின் நிழல் பிசிறில்லாத முக்கோணமாக விழுந்திருக்கும். மலை எந்த வடிவில் இருந்தாலும் நிழல் முக்கோணம்தான். நிழல் நூறு கி.மீ.க்கும் மேல் நீள்வதால், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிவது இது. ஆபத்தில்லாத ஏமாற்று வேலை, ரசிக்கலாம். ஆனால் கண்ணாடியைக் கழற்றாமல் ரசிக்க வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சில மணி நேரம் வெறுங்கண்ணோடு இருந்தால் விழித்திரைக்கு முன்னாலுள்ள கருவிழி வெந்து, அன்று மாலைக்குள் கண்ணைத் திறக்க முடியாமல் போகும்.

ஒரு காட்சியைப் பற்றிய கூற்றைச் சோதிப்பது

இவ்வளவும் தெரிந்தால் எந்த விளம்பரத்தையும் படத்தையும் ஓரளவு நாமே சோதிக்கலாம்.

1. இரண்டு இடங்களின் உயரத்தையும் எடுத்து, நடுவிலுள்ள தரையின் உயரத்தைக் கழித்து, 3.57 கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். ஒளிவிலகலுக்கு 8 சதவீதம் சேருங்கள். சொல்லும் தூரம் அதைத் தாண்டினால் சந்தேகப்படலாம்.
2. தூரத்தை நேர்கோட்டில் பாருங்கள். செய்திகளில் சாலைத் தூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஜலந்தர் செய்தியில் நடந்ததும் அதுவாக இருக்கலாம்.
3. நடுவில் வேறு முகடு குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கூற்றுகள் இங்கேதான் தோற்கும்.
4. படத்தில் மலை மிகப் பெரிதாக இருந்தால் லென்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.
5. எந்த மாதம், எத்தனை மணி என்று கேளுங்கள். பருவமழைக் காலத்தில் இமயத்தின் எந்தப் புகழ்பெற்ற காட்சி இடமும் வெறும் மேகம்தான்.

மூன்றாவது புள்ளியைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை. பீக்ஃபைண்டர் போன்ற செயலிகள், ஒரு புள்ளியில் நின்றால் எந்தெந்தச் சிகரங்கள் தெரியும் என்று வரைந்தே காட்டும். இவ்வகைக் கணக்குகளுக்குப் பெரிதும் பயன்படும் நில உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் எடுத்தது. அது 60 டிகிரி வட அட்சரேகைக்கும் 56 டிகிரி தென் அட்சரேகைக்கும் இடைப்பட்ட நிலத்தை மட்டும்தான் அளந்தது. டெனாலி அதற்கு வெளியே. செங்குத்தான மலைகளில் ராடார் எட்டாத இடங்கள் விட்டுப்போயின, பிறகு வேறு தரவுகளால் நிரப்பினார்கள். கத்தி முனை போன்ற முகடுகளை இந்தத் தரவு மழுக்கி, உண்மையைவிடச் சில பத்து மீட்டர் தாழ்வாகக் காட்டக்கூடும். 200 கி.மீ. தூரத்துச் சிகரம் தொடுவானத்தை ஒட்டி மயிரிழையில் தெரிகிறது என்று செயலி சொன்னால், அந்தச் சில பத்து மீட்டரில் முடிவு மாறிவிடலாம். அப்படிப்பட்ட இடங்களில் "தெரியும்" என்பதை "தெரியக்கூடும்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.